ஊருக்குள் இறங்கிய கோபுர நிழல்

ஆறுதல்புரத்துக் கோயில் கோபுரத்தின் நிழல் எழுந்து நடந்த அன்று உப்பளத்துச் சனங்கள் அதனடியில் உட்கார்ந்து காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள், நிழல் தங்கள் மடியைவிட்டு நழுவியதும் நிமிர்ந்து பார்த்தார்கள், கோபுரம் நின்ற இடத்தில் நின்றது, உச்சியில் சிலுவை இருந்தது, சூரியனும் கிழக்கேதான் இருந்தது, நிழல் மட்டும் ஈரச்சேலையைத் தரையில் இழுத்துப்போவதுபோல் மணலில் இழுபட்டுத் தெற்கே போனது, ஆகவே அவர்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்கள். வேறென்ன செய்வார்கள்? உப்புக்காற்று எதையும் வளரவிடாத ஊர் அது. வேம்பு நட்டால் இலை சுருண்டுவிடும், உடைமரம்கூட முழங்காலுக்கு மேல் எழும்ப யோசிக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திபாத்தியாக வெள்ளை காய்ந்துகிடந்து பார்க்கிறவர்களின் கண்ணைத் தின்னும். அந்த ஊரில் நிழல் என்று ஒன்று உண்டென்றால் அது கோபுரத்து நிழல்தான், காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே.

நிழல் போய்ப் படுத்த இடம் எடைமேடை ஆசீர்வாதத்தின் ஓட்டுவீடு. உப்புமூடைகளை நிறுத்துப் போடுகிற மனிதர் அவர், வாசலில் இத்தனை பேரைக் கண்டதும், "வாங்க, வாங்க, நாம கோயிலுக்குப் போனது போக கோயிலே நம்ம வீட்டுக்கு வந்துட்டு" என்று சிரித்தார், அவர் மனைவி ரெபேக்காள் எல்லோருக்கும் மாங்காய் ஊறுகாய் வைத்தாள், கஞ்சி குடித்து முடிந்தது. சூரியன் உச்சிக்கு வந்து மேற்கே சாய்ந்தும் நிழல் திரும்பவில்லை. இருட்டிய பிறகும் அது அங்கேயே கிடந்தது, இருட்டைவிடக் கறுப்பாக, கூரைமேல் சிலுவைக் கிளைகள் இரண்டும் கைநீட்டியதுபோல் விரிந்து. அடுத்த ஞாயிறு மணியடிக்குமுன் ஆசீர்வாதம் செத்துப்போனார்.

அதை யாரும் நிழலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நிழல் அங்கிருந்து எழுந்து அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த இம்மானுவேல் வீட்டின்மேல் படுத்தபோதும் சேர்க்கவில்லை, கோடைநடுவில் ஒரு மழை வந்து அவருடைய உப்பு அம்பாரத்தை மட்டும் சர்க்கரையைக் கரைப்பதுபோல் கரைத்துவிட்டுப் போன பிறகுதான் சிலர் சேர்த்தார்கள். டீக்கடை தேவநேசன் வீட்டுக்கு நிழல் போனது, அவர் மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கப்பலேறிப் போனவன் கப்பலோடு திரும்பவில்லை என்று தகவல் வந்தது, அதற்குப்பிறகு ஆறுதல்புரத்தில் சேர்த்துப் பார்க்காதவர்களே இல்லை.

ஊர் என்பது எதையும் பழக்கமாக்கிக்கொள்கிற பிராணி. விடிந்ததும் பல் விளக்குமுன் கூரையைப் பார்ப்பது பழக்கமாயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள், "உங்க வீட்டுல விழுந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொட்டார்கள். சிலர் கூரையில் நிலைக்கண்ணாடி பதித்தார்கள், சிலர் சுவருக்கு மூன்றாம் பூச்சும் சுண்ணாம்பு அடித்தார்கள், சிலர் பகலிலும் விளக்கெரித்தார்கள். பிள்ளைகள் நிழல் விளையாட்டு என்று ஒன்று கண்டுபிடித்தார்கள், தொடப்பட்டவன் கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கவேண்டும், தாய்மார்கள் அதைக் கண்டால் விளக்குமாற்றோடு ஓடிவந்தார்கள். உபதேசியார் மாசிலாமணி ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய நிழலில் தங்குகிறவனின் பாக்கியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது சபை மொத்தமும் இருமியது, அவர் சட்டென்று தசமபாகக் காணிக்கைக்குத் தாவிவிட்டார்.

வெளியே வந்ததும் அளத்துப் பெனினாள் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "வருசம் பூரா கையத் தூக்கிக்கிட்டு 'ஆண்டவரே, ஒம்ம நிழலு எம்மேல விழட்டும்'னு கேட்டிய. விழுந்ததும் வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுதிய."

"ஏட்டி, ஒன் வீட்டுல விழுந்தா தெரியும்" என்றார்கள்.

"எங்க வீட்டுல கூரையே கெடயாது. எங்கிட்டு விழ?" என்றாள் பெனினாள்.

நிழல் விழுந்த வீட்டோடு எதையும் கொடுத்து வாங்குவதில்லை என்பதும் யாரும் சொல்லாமலே சட்டமாயிற்று. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம், சனிக்கிழமைதோறும் ஸ்திரீ சங்கத்துக்காரர்கள் வீடுவீடாக வந்து அந்தப் பிடியரிசியைச் சேர்த்துக் கோயிலில் கொட்டுவார்கள், இல்லாதவர்களுக்கு அது போகும். நிழல் கிடக்கும் வீட்டில் மட்டும் அவர்கள் நிற்கவில்லை. அரிசியில் நிழல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை வீட்டுஜெபமும் அந்த வாசலைத் தாண்டிப் போனது. முன்பெல்லாம் கஷ்டம் வந்த வீட்டுக்குத்தான் முதலில் ஜெபம் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் நிழல் எப்சிபாள் வீட்டுக்கு வந்தது.

எப்சிபாள் வாருபலகை பிடித்து உப்பு வாருகிறவள். அவள் புருஷன் ஏசுவடியானும் அதே அளத்தில் அவளுக்கு முன்னால் வாரிக்கொண்டு போனவன்தான், உச்சிவெயிலில் பாட்டுப் பாடுகிற ஒரே ஆள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதென்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உடம்பு வலியை அவன் பொறுத்தான். பயத்தைத்தான் அவனால் பொறுக்கமுடியவில்லை. கண்ணை மூடினால் போய்விடுவோம் என்று கண்ணை மூடமாட்டான், கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடப்பான், தூக்கம் தானாக வந்து அழுத்தினால் குழியில் விழுந்தவன்போல் அலறி எழுவான். "எப்சி, தனியாப் போகணுமேட்டி" என்பான். பிழைக்கவேண்டும் என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போன பிறகு அவள் தேவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், இந்த மனுஷன் பயப்படாமல் போகவேண்டும். அதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேண்டியது எதுவும் இல்லை.

ஆகவே ஒரு காலையில் வாசல் கறுத்து, கட்டிலுக்கு மேலே ஓலைக்கீற்றுகளின் இடுக்கு வெளிச்சமெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தபோது, ஏசுவடியான், "வந்துட்டு, எப்சி, வந்துட்டு!" என்று கத்தினான், அவள் ஓடிப்போய் அவன்மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரர்கள் கோழிகளைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அளத்து மோட்டார் சத்தம் இல்லை, காற்று இல்லை. உள்ளே மெழுகுதிரியும் பழைய பெஞ்சு மரமும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை வந்தது, கோயிலுக்குள் ஆள் இல்லாத நேரத்தில் நுழைந்தால் வருமே அந்த வாசனை. ஈர மண்பானையின் புறத்தைத் தொட்டதுபோல ஒரு குளிர்ச்சி. கட்டிலின் கால்மாட்டில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் கயிறு மெல்லக் கிரீச்சிட்டுத் தாழ்ந்தது. யாரும் இல்லை. எப்சிபாள் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கி நடுவில் எந்த வரி என்று தெரியாமல் நின்றாள், அப்போதுதான் கவனித்தாள், அவளுக்கு அடியில் ஏசுவடியான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கைகள் சட்டத்தை விட்டிருந்தன.

மாலைவரை தூங்கினான். எழுந்து ரசம் கேட்டான். "நல்லாத் தூங்கிட்டேன் என்ன" என்று வெட்கப்பட்டான்.

மறுநாள் எப்சிபாள் ரெபேக்காள் வீட்டுக்குப் போனாள். ஆசீர்வாதத்தின் விதவை முறத்தில் கருவாட்டை மணல் போகப் புடைத்துக்கொண்டிருந்தவள், நிழல் வீட்டுக்காரி வருவதைக் கண்டும் எழுந்து போகவில்லை.

"மயினி, ஒண்ணு கேக்கணும். அண்ணன் போகையில பயந்தாவளா?"

ரெபேக்காள் முறத்தைக் கீழே வைத்தாள். "இத ஒருத்தரும் கேக்கலியேட்டி. எப்ப விழுந்துச்சு, எப்ப போனாவன்னுதான் வந்து வந்து கேட்டாவ." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இடி இடிச்சாலே எங்கையப் பிடிச்சிக்கிட்டு நிக்க ஆளு அது. அன்னைக்கு என்ன செஞ்சாவ தெரியுமா? கட்டில முத்தத்துல, நிழல்ல இழுத்துப் போடச் சொன்னாவ. ரெண்டு பனங்கிழங்கு தின்னாவ. 'ரெபேக்கா, எடை சரியா நிக்கு'ன்னாவ. அவ்வளவுதான், பெறவு பேசல."

"ஏன் மயினி இத ஊர்ல சொல்லல?"

"ஊரு சாவ எண்ணிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள பூந்து நான் என்னத்தச் சொல்ல?"

எப்சிபாள் வழியெல்லாம் நின்று நின்று வந்தாள். உப்புத்தரையில் வெயில் பொரிந்தது. இம்மானுவேலின் மனைவியை ஓடைப்பாலத்தில் பார்த்து அவளிடமும் கேட்டாள், அம்பாரம் கரைந்த அன்று ஊரெல்லாம் ஒப்பாரி வைக்க அவர் ஒருவர் மட்டும் மழையில் நனைந்துகொண்டு உப்புத்தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தாராம், சின்ன நட்டத்துக்கே தூக்குக்கயிற்றைத் தேடுகிற ஆள், அன்று கயிற்றைத் தேடவில்லையாம். அப்போது எப்சிபாளுக்கு விளங்கியது. நிழல் துன்பத்தைக் கூட்டிவரவில்லை. துன்பம் எந்த வீட்டுக்குக் கிளம்புகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் ஓடிவந்து, கூட உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஏசுவடியான் சாகப்போகிறான் என்பதும் அவளுக்கு அதே கணத்தில் விளங்கியது, அவள் பாலத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதாள், அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அவனுக்கு ரசம் வைத்தாள்.

ஊருக்கு வேறு விதமாக விளங்கியிருந்தது. கோயில் கமிட்டி கூடிற்று. செயலாளர் தாவீது பொன்னையா உப்பு வியாபாரி, கெட்டவர் இல்லை, ஊரில் எந்தப் பிணத்துக்கும் முதல் ஆளாகத் தோள் கொடுக்கிறவர். அவர் வீடு எப்சிபாள் வீட்டுக்கு அடுத்த வரிசை, சிலுவை நிழலின் ஒரு கிளை நுனி அவருடைய மதில் வரைக்கும் வந்து நின்றிருந்தது. சிலுவையை இறக்கிவிட்டால் நிழலுக்கு வேர் அறுந்துவிடும் என்று அவர் சொன்னார். கோயிலுக்குள் பெஞ்சுகளில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து எப்சிபாள் எழுந்தாள்.

"அண்ணாச்சி, அவிய போறவரைக்கும் விட்டுருங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்."

"தங்கச்சி, சாவக் கொண்டாந்ததே அதுதான. அத வச்சிருன்னு கேக்கியே, புத்தி கெட்டா போச்சி?"

"அது கொண்டாரல. சாவு எப்பவோ கெளம்பிட்டு. இது அத முந்திக்கிட்டு வந்து எங்ககூட உக்காந்திருக்கு. எங்க வீட்டுக்காரவிய தூங்குதாவ அண்ணாச்சி. வந்து பாருங்க. எத்தன மாசம் கழிச்சித் தூங்குதாவ."

"நீ ஒருத்தருக்காகக் கேக்க. நான் ஊருக்காகக் கேக்கேன்."

"ஊரு கஷ்டமே இல்லாம இருக்கப் போவுதா? கஷ்டம் வரத்தான் செய்யும். தனியா வரும், அவ்வளவுதான்."

இதைக் கேட்டதும் சபைக்குள் ஒரு குளிர் ஓடிற்று. பிரசங்கமென்றால் தூங்கியிருப்பார்கள். ஒரு உப்புவாருகிறவள் சாபம்போல் சொன்னதாகவே அது அவர்கள் காதில் விழுந்தது, பயந்த காதுக்கு ஆறுதலும் சாபமும் ஒரே குரலில்தான் கேட்கும். உபதேசியார் மாசிலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்து, கமிட்டிக்காரர்களின் முகங்களைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை தூக்கச் சொன்னார்கள். எப்சிபாளும் ரெபேக்காளும் பெனினாளும் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

ஏற ஆளில்லை. ஊரில் எந்தக் கொத்தனாரும் ஏறமாட்டேன் என்றதால் வெளியூரிலிருந்து செல்போன் கோபுரம் ஏறுகிறவன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள், அவனுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது, பீடியைக் காதில் செருகிக்கொண்டு ஏறினான். சிலுவையைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். தரைக்கு வந்ததும் அதை வெறுமனே போடக் கூசி வெள்ளைவேட்டியில் சுற்றினார்கள், சுற்றிய பிறகு அது எதுபோல் இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது, தோளில் தூக்கிக் கோயில் சாமான் அறையில் கிடத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள்.

எப்சிபாள் வீட்டில் நிழல் தண்ணீரில் உப்புக் கரைவதுபோல் கரைந்தது. முதலில் கூரைமேல், பிறகு வாசலில், பிறகு கட்டிலைச் சுற்றி. கீற்று இடுக்குகளில் வெயில் ஊசி ஊசியாக இறங்கிற்று. ஏசுவடியானுக்கு மூச்சு ஏற்கனவே மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறந்தான், கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. "எப்சி, வெளிச்சம் வருது. எந்திரிச்சிப் போயிட்டாவ. கூட இருந்தவிய எந்திரிச்சிப் போயிட்டாவ." அந்தப் பழைய பயம், இத்தனை நாளும் வீட்டுக்கு வெளியே காத்துநின்றதுபோல், வந்து அவன் முகத்தில் உட்கார்ந்தது.

அவள் கால்மாட்டுக் கயிற்றைத் தடவினாள். தொய்வு இல்லை, விறைப்பாக இருந்தது. "ஆண்டவரே, இருக்கியளா?" என்று கேட்டாள். இன்னொரு தரம் கேட்டாள். வெளியே யாரோ வாளியில் தண்ணீர் மோந்து ஊற்றிக் குளிக்கிற சத்தம்தான் கேட்டது. இனி நாமும் பயப்படப் போகிறோம் என்று நினைத்து அவள் தன் பயத்தை எதிர்பார்த்து நின்றாள். அது வரவில்லை. நெஞ்சுக்குள் அது வழக்கமாகக் கிடக்கும் இடத்தைத் தேடிப் பார்த்தாள், அங்கே ஈரமண்போல் ஒரு குளிர்ச்சி இருந்தது, மெழுகும் மரமும் சுண்ணாம்பும் மணத்தது. அழுகை இருந்தது, அவன் போகப்போகிறான் என்ற வலி அப்படியே இருந்தது, ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவள் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது, அவளுடைய நிழல் அவன் முகத்தில் விழுந்தது.

"இந்தாருங்க. என்னையப் பாருங்க. யாரும் எந்திரிச்சிப் போவல."

அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். ஒரு விரலை எடுத்தான், பிறகு இன்னொரு விரலை, கட்டில் சட்டம் முழுவதும் அவன் கையைவிட்டுப் போயிற்று. "அதே குளிர்ச்சிதாட்டி" என்றான். சாயங்காலம் வரை அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவன் அளத்தில் பாடுகிற பாட்டில் ஒன்றை முனகிக்கொண்டே போனான், பாட்டு எங்கே முடிந்தது என்று அவளாலேயே சொல்லமுடியவில்லை.

சூரியன் இறங்கிய பிறகும் அவள் நிழல் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் அப்படியே இருந்தது. அடக்கத்தின்போது ஊர் அதைப் பார்த்தது. எல்லோருடைய நிழலும் கிழக்கே நீண்டபோது அவளுடையது தெற்கே நீண்டது, சேலைக்கட்டோடு அல்ல, கோபுரத்தைப்போல ஒடுங்கி உயர்ந்து, மேலே இரண்டு கிளைகளோடு. பெட்டியைத் தூக்கியவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை ஆராதனைக்கு வருகிற பாதிரி ஐயர் அந்த ஞாயிறு வந்தார், மொட்டைக் கோபுரத்தையும் சாமான் அறையில் வேட்டி சுற்றிக் கிடந்ததையும் பார்த்தார், "இறக்குனவங்கதான் ஏத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். யாரும் ஏற்றவில்லை. வெளிச்சம் எல்லா வீட்டிலும் சமமாக விழுந்தது. கஷ்டமும் வந்தது, அவள் சொன்னதுபோலவே தனியாக வந்தது, அறிவிக்காமல் வந்தது, நடுச்சோற்றில் வந்தது. கமிட்டியில் பொன்னையாவுக்கு அடுத்ததாகக் கை தூக்கியவர் ஒரு மத்தியானம் தன் வீட்டுக்குள் தாழிட்டுக்கொண்டு போட்ட கூச்சல் கடைசி வரிசைவரை கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து என்ன சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கதவை உடைக்கத்தான் ஆளிருந்தது, உள்ளே போய் உட்கார ஆளில்லை.

எப்சிபாள் அளத்துக்குப் போனாள், வந்தாள். சில நாள் வேலைக்கு நடுவில் வாருபலகையைச் சாய்த்துவைத்துவிட்டு, நிழல் நீண்ட திசையில் நடந்து, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பாள். முதலில் கதவை அடைத்தார்கள். பிறகு ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, "போயிரு தாயி" என்றார்கள். அவள் போகமாட்டாள், திட்டினாலும் போகமாட்டாள், வாசலிலேயே உட்கார்ந்துகொள்வாள், வருவது வந்து சேரும்போது அடைத்த கதவைத் திறந்து அவள் மடியில்தான் வந்து விழுந்தார்கள். விழுந்தவர்கள் பிறகு அவளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் பேசவில்லை. ஆனால் அவள் தெருவில் வருவது தெரிந்தால் பேச்சு நின்றுவிடும், உலக்கை நின்றுவிடும், கைப்பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். அவள் தாண்டிப் போனபிறகுதான் தெரு மூச்சு விடும்.

ஐப்பசியில் வானம் மூட்டமாக இருந்த ஒரு நாள் தாவீது பொன்னையா மதில் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் எப்சிபாள் வந்தாள். வெயிலே இல்லை, யாருக்கும் நிழல் இல்லை, அவளுக்கு மட்டும் இருந்தது. அது அவளுக்கு முன்னால் நீண்டு, அடுத்த வீட்டைக் கடந்து, மதிலில் ஏறி இறங்கி, பொன்னையாவின் செருப்புக்காலைத் தொட்டது. அவர் பேப்பரை மடித்தார். மடிப்பு கோணிற்று, பிரித்து மறுபடி மடித்தார். உள்ளே அவர் மனைவி யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், மருமகள் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன விசயம்னு தெரியுமா தங்கச்சி?" என்றார்.

"தெரியாது அண்ணாச்சி."

"யாருக்குன்னு?"

"அதுவும் தெரியாது."

அவர் கதவைப் பார்த்தார். அதை இழுத்துச் சாத்த நாலு எட்டுகூட வேண்டியதில்லை. கால்மேல் கிடந்த நிழலைக் குனிந்து பார்த்தார், அவர் உதடு ஏதோ ஒரு ஜெபத்தைத் தொடங்கி விட்டுவிட்டது. பிறகு எழுந்து, இரட்டைக் கதவில் சாத்தியிருந்த பக்கத்தையும் தாழ் நீக்கி விரியத் திறந்து, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உள்ள வா தாயி" என்றார். "வர்றது வர்ற வரைக்கும் இரி."